ஷேர் ஆட்டோ எந்தத் தெரு வரை வரும்?

நகரப் போக்குவரத்து நெரிசலுக்குப் பகிர்வுப் பயணமே தீர்வு என்ற கருத்து இன்று அரசின் கொள்கை ஆவணங்களிலும் செயலி நிறுவனங்களின் விளம்பரங்களிலும் ஒருசேர ஒலிக்கிறது. ஒன்றிய அரசு 2020 நவம்பரில் வெளியிட்ட மோட்டார் வாகனத் திரட்டுநர் நெறிமுறைகள், சொந்தக் கார்களில் பிறரை ஏற்றிச் செல்லவும் இடமளித்தன. நான்கு பேர் நான்கு வண்டிகளில் செல்வதைவிட ஒரே வண்டியில் செல்வது சாலைக்கும் காற்றுக்கும் நல்லது என்பதில் நமக்கு மறுப்பில்லை. நாம் கேட்க விரும்புவது, அந்த வண்டி எந்தத் தெரு வரை வரும், யாருக்காக நிற்கும் என்பதையே.

கடலூருக்குப் பகிர்வுப் பயணம் புதிதன்று. அரசு அலுவலகங்கள் நிறைந்த மஞ்சக்குப்பம், பேருந்து நிலையம் அமைந்த திருப்பாதிரிப்புலியூர், துறைமுகமும் ரயில் சந்திப்பும் கொண்ட முதுநகர் எனத் தனித்தனி ஊர்களாக விரிந்து கிடக்கும் மாநகராட்சி இது. முதுநகருக்குத் தெற்கே சிதம்பரம் சாலையில் சிப்காட் தொழிற்பேட்டை உள்ளது. தேவனாம்பட்டினத்தில் பெரியார் கலைக் கல்லூரி உள்ளது. இவற்றை நாள்தோறும் இணைப்பவற்றில் நகரப் பேருந்துகளுக்கு அடுத்தபடியாக நிற்பவை ஷேர் ஆட்டோக்கள். சிதம்பரத்தில் ரயிலைவிட்டு இறங்கி அண்ணாமலைநகர் செல்லும் மாணவரும் இதையே நம்பியிருக்கிறார்.

ஆனால், இந்த வண்டிக்குச் சட்டத்தில் இடமில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி ஆட்டோ ஓர் ஒப்பந்த ஊர்தி. ஒப்பந்தத்தில் சேராத பயணியை வழியில் ஏற்றி இறக்க அதற்கு உரிமையில்லை. நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று தனித்தனிக் கட்டணம் பெறும் ஸ்டேஜ் கேரியேஜ் ஆகவும் அது மாற முடியாது. அதற்கு ஆறு பேருக்கு மேல் ஏற்றும் வண்டியாக இருக்க வேண்டும். ஆகவே ஷேர் ஆட்டோவின் வழித்தடம், நிறுத்தம், கட்டணம் எதையும் மக்கள் கேள்வி கேட்க முடிவதில்லை. வண்டி எங்கே திரும்ப வேண்டும் என்பதை வழக்கமே முடிவு செய்கிறது. தமிழ்நாட்டில் வழக்கம் என்பது எவ்வளவு எளிதாகச் சாதியின் மறுபெயராகிவிடும் என்பதை நாம் விளக்கத் தேவையில்லை.

வண்டிக்கும் சாதிக்கும் உள்ள உறவு நெடியது. 1929இல் சாலிஸ்கானில் அண்ணல் அம்பேத்கரை ஏற்றிச் செல்லக் குதிரைவண்டிக்காரர்கள் மறுத்தனர். ஓட்டிப் பழக்கமில்லாத ஒருவர் ஓட்டிய வண்டியிலிருந்து விழுந்து அவர் கால் எலும்பு முறிந்தது. 1997இல் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் அரசுப் போக்குவரத்துக் கழகம் அமைந்தபோது, அப்பெயர் தாங்கிய பேருந்தில் ஏறமாட்டோம் என்றனர் ஆதிக்கச் சாதியினர். கலவரம் மூண்டது. இறுதியில் போக்குவரத்துக் கழகங்கள், மாவட்டங்கள் அனைத்திலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு நீக்கியது.

செயலி வந்தால் இது மாறிவிடும் என்போர் அமெரிக்க அனுபவத்தைக் காண வேண்டும். 2016இல் வெளியான ஆய்வொன்று, பாஸ்டன் நகரில் கறுப்பின மக்களுக்குரியதாக ஒலிக்கும் பெயர்களில் பதிவு செய்தோரின் பயணங்கள் கூடுதலாக ரத்து செய்யப்பட்டதைக் காட்டியது. அங்கே பெயர் செய்த வேலையை இங்கே பெயரும் முகவரியும் சேர்ந்து செய்ய முடியும். 'காலனி' என்று முடியும் ஒரு முகவரி போதும்.

ஏற்ற மறுப்பதைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தில் மூன்று சக்கர வண்டிக்கு அதிகபட்ச அபராதம் 50 ரூபாய். 2020 நெறிமுறைகளில், காரணமின்றிப் பயணத்தை ரத்து செய்யும் ஓட்டுநருக்குக் கட்டணத்தில் 10 விழுக்காடு, அதிகபட்சம் 100 ரூபாய். ஆனால் சாதியின் பேரால் பொது ஊர்தியைப் பயன்படுத்தத் தடுத்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தப்படி ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை. ஒரே செயல், ஒரு சட்டத்தில் சில்லறைக் குறைபாடு, மற்றொன்றில் வன்கொடுமை.

இந்தக் கடுமையான சட்டமும் ஓர் எல்லையில் நின்றுவிடுகிறது. ஏற்ற மறுத்த மனிதரை அது தண்டிக்கும். ஒருபோதும் குடியிருப்புப் பக்கம் வராத வழித்தடத்தைத் தண்டிக்காது. "அந்தப் பக்கம் சவாரி இல்லை" என்ற சொல்லில் சாதிப் பெயர் இல்லை. எனவே குற்றவியல் சட்டத்தை மட்டும் நம்பியிராமல் நாம் பர்மிட்டைக் கைப்பற்ற வேண்டும். 2019இல் சேர்க்கப்பட்ட 67(3) பிரிவு, கடைக்கோடி இணைப்புக்கும் நகரப் போக்குவரத்து மேம்பாட்டுக்கும் தனித் திட்டம் வகுத்து உரிமம் வழங்க மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. பேருந்து செல்லாத பகுதியைச் சேர்த்தால்தான் பர்மிட் என்ற கொள்கையைச் சிற்றுந்துத் திட்டத்தில் அரசே ஏற்றுள்ளது. அதே கொள்கையை ஷேர் ஆட்டோவுக்கும் விரித்தால் போதும்.

நம் கோரிக்கைகள் தெளிவானவை. ஷேர் ஆட்டோக்களுக்கு வழித்தட உரிமம் வழங்கப்பட வேண்டும். ஒவ்வொரு வழித்தடத்திலும் பட்டியலினக் குடியிருப்பின் முகப்பு கட்டாய நிறுத்தமாக எழுதப்பட வேண்டும். கட்டணம் வண்டியில் ஒட்டப்பட வேண்டும். ஓட்டுநர்களும் உழைக்கும் ஏழைகளே, அவர்களில் நம் மக்களும் உண்டு. ஆகவே புதிய உரிமங்களில் பட்டியலின இளைஞர்களுக்கு முன்னுரிமையும், வண்டி வாங்கத் தாட்கோ கடனும் இணைக்கப்பட வேண்டும். இவற்றைக் காட்டி அரசுப் பேருந்தைக் குறைக்கவும் கூடாது. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்கின்றனர். பேருந்து நின்றால் அந்த உரிமையும் நின்றுவிடும்.

இதற்கான முதல் வேலையைக் கல்லூரி மாணவர்களே செய்யலாம். முதுநகரிலும் சிதம்பரத்திலும் ஷேர் ஆட்டோ ஓடும் தெருக்களையும் திரும்பிவிடும் முனைகளையும் ஒரு வரைபடத்தில் குறியுங்கள். பட்டியலினக் குடியிருப்புகளை அதன்மேல் இடுங்கள். வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் கூட வேண்டிய கண்காணிப்புக் குழுவின் மேசையில் அந்த வரைபடத்தை வையுங்கள். வண்டி ஏன் அங்கே திரும்புகிறது என்பதற்கு அரசு எழுத்தில் பதில் சொல்லட்டும்.