இரண்டு வழியும் சமம் என்றால் ரூட்டர் எதில் அனுப்பும்?

நான்காம் படிவ வகுப்பில் ஒரு மாணவி கேட்ட கேள்விக்குத் தவறான பதில் சொல்லிவிட்டேன். வெண்பலகையில் ஆறு வட்டங்கள் வரைந்து, அவற்றைக் கோடுகளால் இணைத்து, ஒவ்வொரு கோட்டின் மேலும் ஓர் எண் எழுதியிருந்தேன். வட்டங்கள் ரூட்டர்கள், எண், அந்தக் கோட்டில் பயணம் செய்ய ஆகும் ‘செலவு’. மொத்தச் செலவு மிகக் குறைவான பாதையைக் கண்டுபிடிக்க வேண்டும்.

“டீச்சர், மேல் வழியாப் போனாலும் 7, கீழ் வழியாப் போனாலும் 7 வருது. அப்போ ரூட்டர் எதுல அனுப்பும்?” என்று கேட்டாள்.

“மாறி மாறி அனுப்பும்” என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்கிற்குப் போய்விட்டேன். பெரும்பாலான ரூட்டர்கள் அப்படிச் செய்வதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அதைக் கற்றுக்கொடுத்தது எங்கள் பள்ளியின் கணினி அறை. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

குறைந்த செலவுப் பாதையைக் கண்டுபிடிக்கும் வழிமுறையை 1956இல் டச்சு நாட்டுக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, ஆம்ஸ்டர்டாமில் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்து சுமார் 20 நிமிடங்களில் யோசித்து முடித்தார். 1959இல் அது அச்சில் வந்தது. இன்று பெரிய நிறுவனங்களின் உள் வலையமைப்புகளில் பரவலாக இயங்கும் ஓஎஸ்பிஎஃப் என்ற வழித்தேர்வு நெறிமுறை, அவருடைய வழிமுறையைத்தான் பயன்படுத்துகிறது. நம் பாடங்களும் இதோடு நின்றுவிடுகின்றன. ‘குறைந்ததைக் கண்டுபிடி’ என்பதோடு கணக்கு முடிகிறது. இரண்டு விடைகள் சமமாக வந்தால் என்ன செய்வது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் என்னைப் போல ஆசிரியர் எதையாவது சொல்லிச் சமாளிப்பார்.

ஓஎஸ்பிஎஃப் இரண்டு பாதைகளையும் வைத்துக்கொள்கிறது. ஒன்றைத் தூக்கியெறிந்தால் நல்ல கம்பி ஒன்று வீணாகுமே! ஆனால் ‘சமம்’ என்பதையே நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். பல ரூட்டர்களில் செலவைக் கணக்கிடும் இயல்பான முறை, 100 மெகாபிட் வேகத்தை அந்த இணைப்பின் வேகத்தால் வகுப்பது. விடை ஒன்றுக்குக் கீழே போனால் ஒன்று என்றே வைத்துக்கொள்ளும். அதனால் 100 மெகாபிட் கம்பிக்கும் செலவு 1, அதைவிட நூறு மடங்கு வேகமான 10 கிகாபிட் கம்பிக்கும் செலவு 1. நிர்வாகி அந்த அளவுகோலை மாற்றும்வரை ரூட்டருக்கு இரண்டும் ஒன்றுதான். கம்பத்துச் சாலையும் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையும் சமம் என்று எழுதி வைத்தது போல!

சரி, உண்மையிலேயே சமமான இரண்டு பாதைகள் என்றே வைத்துக்கொள்வோம். ஏன் மாறி மாறி அனுப்பக்கூடாது?

தீபாவளிக்கு ஊருக்குப் போகும் ஒரு குடும்பம் ஐந்து கார்களில் வரிசையாகக் கிளம்புகிறது. ஒற்றைப்படைக் கார்கள் ஒரு சாலையிலும் இரட்டைப்படைக் கார்கள் இன்னொரு சாலையிலும் போனால், தூரம் ஒன்றாக இருந்தாலும் நெரிசல் ஒன்றாக இருக்காது. மூன்றாவது கார் முதலில் போய்ச் சேரும். குடும்பத்திற்கு அதனால் நட்டமில்லை. ஆனால் இணையத்தில் தரவுப் பொட்டலங்களைக் கவனித்துக்கொள்ளும் டிசிபி என்ற நெறிமுறைக்கு வரிசை முக்கியம். ஒரு பொட்டலத்தை முந்திக்கொண்டு பின்னால் உள்ளவை வந்துவிட்டால், பெறும் கணினி ‘எனக்கு இன்னும் இரண்டாவது வரவில்லை’ என்று திரும்பத் திரும்பச் சொல்லும். அதே செய்தி கூடுதலாக மூன்று முறை வந்தால், அனுப்பும் கணினி அந்தப் பொட்டலம் தொலைந்துவிட்டதாக எண்ணி மறுபடி அனுப்பும், வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். எதுவும் தொலையவில்லை, வழியில்தான் இருக்கிறது. இரண்டு சாலைகளைக் கொடுத்து, ஒரு சாலையைவிட மெதுவாகப் போன கதையாகிவிடும்.

அதனால் ரூட்டர் வேறு தந்திரம் செய்கிறது. ஒவ்வொரு பொட்டலத்திலும் ஐந்து விவரங்களைப் படிக்கிறது: அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, இருபக்கத்துப் போர்ட் எண்கள், எந்த நெறிமுறை என்ற குறிப்பு. இவற்றை ‘ஹேஷ்’ எனப்படும் கணக்கில் போட்டு ஓர் எண்ணாக்குகிறது. அந்த எண்ணைப் பாதைகளின் எண்ணிக்கையால் வகுத்து, மீதி எவ்வளவோ அந்தப் பாதையில் அனுப்புவது எளிய முறை. ஒரே உரையாடலைச் சேர்ந்த பொட்டலங்களுக்கு ஐந்து விவரங்களும் ஒன்றுதான். ஆகவே அவை எல்லாம் ஒரே பாதையில் வரிசை குலையாமல் போகும். அடுத்த உரையாடலுக்கு வேறு எண் வரலாம், வேறு பாதை கிடைக்கலாம்.

அழகான தீர்வு. ஆனால் கண் தெரியாத தீர்வு. ஹேஷ் கணக்கு, வருவது கான்சிலா கொள்கலன் லாரியா என்று பார்ப்பதில்லை. இரண்டு பெரிய கோப்புகள் ஒரே பாதையில் போய் மாட்டிக்கொண்டு நெரிய, பக்கத்துப் பாதை காலியாகக் கிடக்கலாம். இரண்டு இணைப்புகள் வாங்கியும் ஒரு கோப்பு வேகமாக இறங்கவில்லை என்று குறைப்படுபவர்களுக்கும் விடை இதுவே. ஒரு கோப்பின் பதிவிறக்கம் பொதுவாக ஓர் உரையாடல். அதற்கு ஒரு பாதைதான்.

இப்போது எங்கள் கணினி அறைக்கு வருவோம். அங்குள்ள சுவிட்சையும் பள்ளியின் பிரதான சுவிட்சையும் இரண்டு பழைய 100 மெகாபிட் கம்பிகள் இணைக்கின்றன. மாணவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் காணொளி திறந்தால் எல்லாருக்கும் சுற்றிக்கொண்டே நிற்கும். புதிய சாதனம் வாங்க வேண்டும் என்று பேச்சு எழுந்தது. பெற்றோர் ஆசிரியர் சங்க நிதியில் கை வைக்கும் நிலை. அதற்குள், வலையமைப்புத் துறையில் வேலை செய்யும் முன்னாள் மாணவர் ஒருவர் வந்து பார்த்தார். பிரதான சுவிட்ச், அனுப்புநரின் முகவரியை மட்டும் வைத்துக் கம்பியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தது. இணையத்திலிருந்து வருவது எல்லாம் ஒரே ரூட்டர் வழியாகத்தானே வருகிறது? சுவிட்ச் பார்வையில் அனுப்புநர் ஒருவரே. ஆகவே எல்லாப் பொட்டலங்களும் ஒரே கம்பியில். மற்றது சும்மா கிடந்தது. பெறுநர் முகவரியையும் கணக்கில் சேர்க்கச் சொல்லி ஓர் அமைப்பை மாற்றினார். ஒரு ரிங்கிட் செலவில்லை.

‘செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி மையங்களில் இந்த ஹேஷ் முறையையே கைவிடப் பார்க்கிறார்களே’ என்று விவரமறிந்த வாசகர் கேட்கலாம். உண்மைதான். அங்கே உரையாடல்கள் குறைவு, ஒவ்வொன்றும் யானை. அதனால் பொட்டலங்களை எல்லாப் பாதைகளிலும் தூவிவிட்டு, பெறும் இடத்தில் சரியாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். இரண்டு முனைகளும் ஒருவர் கையில் இருப்பதால் அது நடக்கிறது. உலகத்து இணையத்தில் மறுமுனை யாருடையது என்றே நமக்குத் தெரியாது. அங்கே வரிசையைக் காப்பாற்றும் குருட்டுக் கணக்கே மேல் என்பது என் கருத்து.

பாடத்திட்டத்தைப் பற்றியும் எனக்கு ஒரு கருத்து உண்டு. குறைந்த பாதையைத் தேடும் கணக்குகளில் ஒன்றைக் குறைத்துவிட்டு, இந்தச் சமநிலைக் கேள்விக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கலாம். வகுத்தால் வரும் மீதி தெரிந்தால் போதும், வேறு முன்னறிவு தேவையில்லை. என் தவறை வகுப்பில் ஒப்புக்கொண்ட நாளில் அப்படித்தான் செய்தேன். 0 முதல் 11 வரை பன்னிரண்டு உரையாடல்கள், நான்கு பாதைகள். 4ஆல் வகுத்து மீதியைப் பார்த்துப் பாதை கொடுங்கள் என்றேன். பாதைக்கு மூன்று வீதம் சரியாகப் பிரிந்தது. பிறகு கடைசிப் பாதை அறுந்துவிட்டது, இனி 3ஆல் வகுங்கள் என்றேன்.

0, 1, 2 மட்டும் பழைய இடத்தில் நின்றன. மற்ற ஒன்பதும் இடம் மாறின. அதே மாணவி மறுபடியும் கையைத் தூக்கினாள்.

“டீச்சர், அறுந்த வழியில இருந்தது 3, 7, 11 மட்டும்தானே? மத்த ஆறும் ஏன் மாறணும்?”

மாற வேண்டியதில்லை. அவற்றை அசைக்காமல் விடும் முறைகளும் இருக்கின்றன. மணி அடித்துவிட்டதால் அது அடுத்த வாரப் பாடம். இம்முறை வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போகிறேன்.