ஓய்வுக்கும் பில் போட்டாச்சு!

எனக்குச் சாப்பாடு போடாமல் இருந்ததற்காக ஒரு நாளைக்கு 12,000 ரூபாய் வாங்கிய இடத்துக்குப் போய்விட்டு வந்திருக்கிறேன். சண்டை எல்லாம் போடவில்லை. நானே தேடிப்பிடித்து, முன்பணம் கட்டி, பஸ்ஸும் டாக்ஸியும் மாறிப் போய்த்தான் பட்டினி கிடந்தேன்.

நீலகிரிப் பக்கம், ஒரு மலைச்சரிவில் இருக்கிற ரிசார்ட். பெயர் வேண்டாம். 'உடல், மனம், ஆன்மா... மூன்றுக்கும் புத்துணர்வு' என்று விளம்பரம். நான் மனைவியோடு போனேன். நான்கு இரவு, 48,000 ரூபாய். அதன்மேல் 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி., 8,640. ஆக மொத்தம் 56,640. பி.காம். படித்தவனுக்கு எந்த பில்லைப் பார்த்தாலும் கை தானாகக் கூட்டிப் பார்க்கும். கணக்கு சரியாகத்தான் இருந்தது. எதற்காக இந்தக் கணக்கு என்பதில்தான் எனக்குச் சிக்கல்.

வயிற்றில் ஈர மண்ணை அப்பினார்கள். தொட்டியில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார வைத்தார்கள். வாழை இலையைச் சுற்றி வெயிலில் படுக்க வைத்தார்கள். மண், தண்ணீர், வெயில், இலை. இதில் எதையும் அவர்கள் தயாரிக்கவில்லை. எதற்கும் அவர்கள் விலை கொடுத்திருப்பார்கள் என்றும் தோன்றவில்லை. போனை மட்டும் ரிசப்ஷனில் ஒரு துணிப்பையில் போட்டு வாங்கி வைத்துக்கொண்டார்கள். யோசித்துப் பார்த்தால், எனக்கு நடந்த சிகிச்சை அது ஒன்றுதான்.

சும்மா சொல்லக் கூடாது. நன்றாக இருந்தது. தூங்கினேன். காலையில் பறவைச் சத்தம் கேட்டு எழுந்தேன். ஊருக்குத் திரும்பிய திங்கட்கிழமை கம்ப்யூட்டரைத் திறந்தால் 212 மெயில். வியாழக்கிழமை கழுத்துவலி, தன் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

நீங்களும் இப்படி ஒரு முகாமுக்குப் போயிருக்கலாம். போக வேண்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டும் இருக்கலாம். போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால், வருடத்தில் 361 நாள் உடம்பை அடித்து நொறுக்கிவிட்டு, நாலு நாள் ஒட்டவைக்கப் பணம் கட்டுவதற்குப் பெயர் ஓய்வா? வண்டியை ஆயிலே ஊற்றாமல் ஓட்டிவிட்டு, வருடத்துக்கு ஒருமுறை கழுவி, மல்லிகைப்பூ மாலை போடுகிற கதை இது.

இயற்கை மருத்துவம் இந்த நாட்டில் பணக்காரர்களுக்காகப் பேசப்பட்ட விஷயமே இல்லை. அதற்காக வாழ்நாள் முழுக்க வாதாடியவர் காந்தி. தென்னாப்பிரிக்காவில் இருந்தபோதே அடால்ஃப் ஜஸ்ட் என்ற ஜெர்மானியரின் புத்தகத்தைப் படித்துவிட்டு, தன் மலச்சிக்கலுக்கு வயிற்றில் ஈர மண் கட்டிப் பார்த்தவர். 1942-ல் ஆகாகான் மாளிகையில் சிறை வைக்கப்பட்டபோது, உடல்நலம் பற்றி ஒரு சின்னப் புத்தகமே எழுதினார். அதில் அவர் சொன்ன மருந்துகள் நிலம், நீர், ஆகாயம், வெயில், காற்று. எல்லாம் மருந்துக் கடைக்குப் போகாமல் கிடைக்கிறவை.

அதைவிட முக்கியமானது 1946-ல் நடந்தது. புனே நகரத்தில், டாக்டர் தின்ஷா மேத்தாவின் சிகிச்சை நிலையத்தை வைத்து ஏழைகளுக்கு இயற்கை மருத்துவம் செய்யலாம் என்று காந்தி திட்டம் போட்டார். கொஞ்ச நாளில் அவருக்கே உறைத்தது. நகரத்தில் இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கிராமத்து ஏழை எப்படி வருவான்? உடனே திட்டத்தை மாற்றிக்கொண்டு, புனேயிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் உருளி காஞ்சன் என்ற கிராமத்துக்குப் போனார். ஆசிரமம் அங்கே தொடங்கியது.

ஏழை வர முடியாத இடத்தில் இருந்தால் அது இயற்கை மருத்துவமே இல்லை என்று நினைத்த மனிதர் அவர். இன்றைக்கு அதே ஈர மண், ஏழை வரவே முடியாத இடமாகப் பார்த்து, அதையே ஒரு பெருமையாகச் சொல்லி விற்கப்படுகிறது.

'அப்படியென்றால் இயற்கை, மலை, மரம் எல்லாம் ஏமாற்று என்கிறீர்களா?' என்று கேட்பீர்கள். இல்லை. 1984-ல் ரோஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், பென்சில்வேனியாவில் ஒரு ஆஸ்பத்திரியின் பத்து வருடப் பதிவேடுகளைப் புரட்டி ஒரு கட்டுரை வெளியிட்டார். பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்ட 46 பேர். பாதிப் பேருக்கு ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன. மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள். வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது.

மரம் வேலை செய்கிறது. ஆனால் அதற்கு மலை ஏற வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு ஜன்னல் போதும். உங்கள் தெருவில் போன வருடம் பார்க்கிங்குக்காக வெட்டிய வேப்பமரம் போதும்!

இன்னொரு பக்கம், இயற்கையின் பெயரைச் சொல்லி எதையும் விற்கிறவர்கள். 'இன்சுலினை நிறுத்துங்கள், பத்து நாளில் சர்க்கரை ஓடிவிடும்' என்பார்கள். புற்றுநோயைச் சாறு கொடுத்தே கரைப்பதாகச் சொல்வார்கள். இப்படி விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954-லேயே சட்டம் வந்துவிட்டது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். இவர்கள் சுவரில் மாட்டியிருக்கும் காந்தியையே எடுத்துக்கொள்வோம். 1924 ஜனவரியில், எரவாடா சிறையில் இருந்த அவருக்குக் குடல்வால் அழற்சி வந்தது. வயிற்றில் மண் கட்டிக்கொண்டு படுத்துக்கொள்ளவில்லை. புனே சாசூன் ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டரிடம் ஆபரேஷன் செய்துகொண்டு பிழைத்தார். மண் எங்கே, கத்தி எங்கே என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆகவே முகாமுக்குப் போனாலும் மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டு போங்கள். நிறுத்துவதா, வேண்டாமா என்பதை உங்கள் டாக்டர் சொல்லட்டும்.

சரி, நாம் ஏன் இப்படி நொறுங்கிப்போகிறோம்?

2023-ல் இன்போசிஸ் நாராயணமூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன் பேசிய வீடியோ வெளியானது. அவர் கேட்டது 90 மணி நேரம். ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்க முடியவில்லையே என்று வருத்தம் வேறு. 90-ஐ 7-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு நாள்கூட விடாமல், தினமும் கிட்டத்தட்ட 13 மணி நேரம்.

வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்கிறவர்களைப் பற்றி உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் ஒரு மதிப்பீடு வெளியிட்டன. நீண்ட நேர வேலை காரணமாகப் பக்கவாதத்திலும் இதய நோயிலும் 2016-ம் ஆண்டில் மட்டும் இறந்தவர்கள் சுமார் 7,45,000 பேர். ஆபத்து 55-ல் ஆரம்பிக்கிறது. இவர்கள் கேட்பதோ 90!

காலேஜில் எங்களுக்குத் 'தேய்மானம்' என்று ஒரு பாடம் உண்டு. மெஷின் ஓட ஓடத் தேயும். அந்தத் தேய்மானத்தை வருடா வருடம் செலவாக எழுதியே ஆக வேண்டும். எழுதாமல் லாபம் காட்டினால் அது பொய் லாபம். மெஷினுக்கு இவ்வளவு கரிசனம். அதை ஓட்டுகிற மனுஷனின் தேய்மானத்தை எந்தப் பக்கத்தில் எழுதுகிறார்கள்? எங்கேயும் இல்லை. அந்தச் செலவை அவனே தன் சொந்தக் கணக்கில் எழுதிக்கொள்கிறான். எழுதுகிற இடங்களில் ஒன்றுதான் நான் போன ரிசார்ட்.

ஓய்வு என்பது முதலாளி போடுகிற பிச்சையும் இல்லை, நாம் காசு கொடுத்து வாங்குகிற சரக்கும் இல்லை. அது சட்டம். 1948-ல் வந்த தொழிற்சாலைச் சட்டத்திலேயே வாரம் ஒரு நாள் விடுமுறை, ஐந்து மணி நேர வேலைக்குள் அரை மணி இடைவேளை என்று எழுதி வைத்தார்கள். அந்தச் சட்டத்தில் கைவைத்து 12 மணி நேர வேலைக்கு வழிசெய்ய 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் ஒரு திருத்தம் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. மே தினத்தன்று அது வாபஸ் ஆனது. யாரோ தெருவில் இறங்கியதால்தான் நமக்கு எட்டு மணி நேரம் மிஞ்சியிருக்கிறது. அவர்களில் யாரும் தியான முகாமுக்குப் போய்விட்டு வந்து போராடியதாகத் தெரியவில்லை.

2021-ல் இதே தமிழ்நாட்டில் இன்னொரு திருத்தம் வந்தது. கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும். கேரளத்தில் 2018-லேயே வந்துவிட்டது. மனுஷன் உட்காருவதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறது! தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும்போது கவனியுங்கள். 'இந்தக் கலர்ல காட்டுங்க, அந்தக் கலர்ல காட்டுங்க' என்று நாம் உட்கார்ந்துகொண்டு கேட்போம். காட்டுகிற பெண் காலையிலிருந்து நின்றுகொண்டிருப்பாள். அவளுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருக்கிறதா என்று என்றைக்காவது பார்த்தோமா?

மலையும் இதே கதைதான். 2024-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வந்த கணக்குப்படி, சீசனில் ஒரு நாளைக்கு நீலகிரிக்குள் நுழைந்த வண்டிகள் சுமார் 20,000. அந்த வருடம் மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 என்று வண்டிகளுக்கு வரம்பே வைத்தார்கள். நாம் ஓய்வெடுக்கப் போய் மலைக்கு மூச்சு முட்ட வைத்துவிட்டோம்.

இப்போது என் வீட்டுக் கதை. இதைச் சொல்லாமல் மற்றவர்களைத் திட்டினால் நியாயமில்லை.

முகாமில் மூன்றாம் நாள் சாயங்காலம், என் மனைவியிடம் பெருமையாகக் கேட்டேன். "மண் சிகிச்சை எப்படி? முகத்துல ஒரு தெளிவு வந்திருக்கே!"

அவள் சிரித்தாள். "மண்ணெல்லாம் இல்லங்க. மூணு நாளா 'காலைல என்ன டிபன்?'னு யாரும் என்னைக் கேக்கல. அவ்வளவுதான்."

56,640 ரூபாய் பில்லின் மொத்த ரகசியமும் அந்த ஒரு வரியில் இருந்தது. மத்திய அரசின் 2024-ம் வருட நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் அதற்குச் செலவிடுவது ஒரு நாளைக்கு 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். அதுவும், வீட்டு வேலை செய்கிற ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டால்! அந்தக் காலத்துத் திண்ணையைப் பற்றி நாம் உருகி உருகிப் பேசுகிறோமே, அந்தத் திண்ணையில் சாய்ந்திருந்தது அப்பாவும் தாத்தாவும்தான். அம்மா உட்கார்ந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. என் மனைவிக்கு நான் மலை உச்சியில் வாங்கிக் கொடுத்த ஓய்வை, வீட்டிலேயே ஓசியில் கொடுத்திருக்கலாம். காலை காபி போட எனக்குத் தெரியும். உப்புமாகூடத் தெரியும். இருபது வருடமாகத் தெரியாத மாதிரி இருந்துவிட்டேன். இப்போது ஞாயிறும் புதனும் அடுப்படி என் பொறுப்பு. உப்புமா பற்றிய விமரிசனங்கள் வந்தவண்ணம் இருக்கின்றன. இருக்கட்டும்.

கடைசியாக ஒரு ஆள் பாக்கி இருக்கிறார். எனக்கு மண் பட்டி போட்ட அந்த அம்மா. ஐம்பது வயது இருக்கும். காலை ஐந்து மணிக்கே வந்துவிடுவார். சாயங்காலமும் அவரையே பார்ப்பேன். கண்ணில் ஈரத்துணியைப் போட்டுவிட்டு, "அப்படியே எல்லாத்தையும் மறந்துட்டுப் படுங்க சார்" என்பார். கிளம்புகிற அன்றைக்குத்தான் எனக்குக் கேட்கத் தோன்றியது.

"உங்களுக்கு என்னிக்கும்மா லீவு?"

"சீசன்ல லீவு ஏது சார்? நின்னா அன்னிக்குச் சம்பளம் பிடிச்சிடுவாங்க."

ஒருவர் ஓய்வெடுக்க இன்னொருவர் ஓய்வை விட வேண்டும் என்றால், அதற்குப் பெயர் புத்துணர்வு இல்லை. இடம் மாற்றி எழுதிய தேய்மானம். என் கணக்கிலிருந்து அழித்து, அந்த அம்மாவின் கணக்கில் எழுதியிருக்கிறார்கள். ரசீது மட்டும் என் பெயரில்.

ஆகவே, வாரத்தில் ஒரு நாளை உங்களுக்கென்று பிடுங்கி வையுங்கள். போனைத் துணிப்பையில் போட ரிசப்ஷன் வேண்டாம், ஒரு மஞ்சப்பை போதும். தெருமரத்தை வெட்ட வந்தால் மாநகராட்சிக்குப் போன் பண்ணுங்கள். இயற்கை மருத்துவம்தான் வேண்டும் என்றால், சென்னை அரும்பாக்கத்தில் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

அப்புறமும் மலைக்குப் போகத் தோன்றினால் தாராளமாகப் போங்கள். புக் பண்ணுவதற்கு முன்னால் 'வைஃபை உண்டா, வெந்நீர் உண்டா' என்று கேட்பீர்கள் அல்லவா, அதோடு ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"உங்க ஆளுங்களுக்கு என்னிக்கு லீவு?"