பழைய ரிவால்வர், புது ஆசை

பிஸ்டலையும் ரிவால்வரையும் ‘கைத்துப்பாக்கி’ என்ற ஒரே சொல்லால் தமிழில் சமாளித்து வருகிறோம். ‘டபுள் ஆக்‌ஷன்’ என்று வந்தால் இன்னும் சங்கடம். ஒருமுறை ‘இரட்டைச் செயல்’ என்று மொழிபெயர்த்தேன். பிழை திருத்துபவர், “இரட்டை வேடமா சார்?” என்று கேட்டார். விஷயம் எளிது. விசையை இழுத்தால் குண்டு உருளை ஓர் அறை சுழலும், சுத்தியல் பின்னுக்குப் போய்த் தானே விழும், வெடிக்கும். எல்லாம் ஒரே இழுப்பில். அதனால் இழுப்பு கனமாக இருக்கும்.

இந்த ஆராய்ச்சிக்குக் காரணம் லக்னோ நண்பர். அவருக்கு ஆயுத லைசென்ஸ் கிடைத்துவிட்டது. கைக்கு அடக்கமான பழைய வெப்ளி .32 ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று கேட்டார். விலை பல லட்சம். பக்கத்துக் கான்பூரில் அரசுத் தொழிற்சாலை செய்த ‘நிர்பீக்’ ரிவால்வர் 2014-ல் அறிமுகமானபோது விலை சுமார் 1.22 லட்சம்தான்; எடை அரை கிலோ. புதுசை விடப் பழசுக்கு ஏன் இந்த விலை? 1980-களில் தனியார் ஆயுத இறக்குமதிக்குக் கதவு சாத்தப்பட்டது. அதற்கு முன் வந்தவைதான் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. நண்பர் தரத்துக்குக் கொடுப்பது பாதி, தட்டுப்பாட்டுக்குக் கொடுப்பது பாதி.

அப்படியும் வாங்குவதென்றால் மினுமினுப்பைப் பார்த்து மயங்கக் கூடாது. முதலில் குண்டு இல்லை என்று ஒருமுறைக்கு இருமுறை பார்க்க வேண்டும். வெப்ளி நடுவில் மடிந்து திறக்கும் ரகம். கான்பூர் ரிவால்வரும் அதே வம்சம்தான். தேய்வது கீலும் மேலே உள்ள தாழ்ப்பாளும். மூடிய நிலையில் குழலைப் பிடித்து மெதுவாக அசைத்தால் தெரிந்துவிடும். சுத்தியல் பின்னே நிற்கும்போது உருளை ஆடுகிறதா, அறை குழலுக்கு நேராக நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பிறகு குழலுக்குள் துருக்குழி. தோல் உறை ஈரம் பிடித்து வைக்கும். அதிலேயே வருஷக்கணக்கில் தூங்கிய துப்பாக்கிக்கு உள்ளே அம்மை வார்த்திருக்கும். தேர்தலுக்குத் தேர்தல் போலீஸ் ஸ்டேஷன் அறையில் ஒப்படைக்கப்பட்டுக் கிடந்ததும் உடம்புக்கு நல்லதல்ல.

நண்பரின் அடுத்த திட்டம்தான் என்னைப் பயமுறுத்தியது. விசையை ‘வெண்ணெய் மாதிரி’ ஆக்கி, குழலையும் கொஞ்சம் வெட்டிக் குட்டையாக்கப் போகிறாராம். உரிமம் இல்லாமல் குழலைக் குறைப்பது 1959-ம் வருட ஆயுதச் சட்டத்தின்படி குற்றம். விசை விவகாரம் அதைவிட மோசம். சுத்தியல் ஸ்பிரிங்கை வெட்டித் தளர்த்தினால் அடி பலவீனமாகி, வேண்டிய நேரத்தில் வெடிக்காது. தவிர, இந்த ரகத்தில் பெரும்பாலும் தனியாக ‘சேஃப்டி’ பொத்தான் கிடையாது. அந்தக் கனமான இழுப்புதான் பாதுகாப்பு. வீட்டில் ஏழு வயதுப் பேரன் இருக்கிறான்.

செய்யக்கூடியது சொற்பம். உரிமம் பெற்ற ரிப்பேர்க்காரரிடம் கொடுத்துப் பழைய எண்ணெய்ப் பிசினை எடுக்கச் சொல்லலாம். பல சமயம் விசை கனப்பதற்குப் பாதிக் காரணம் அந்தப் பிசின்தான். களைத்துப்போன ஸ்பிரிங்கை அதே அளவில் மாற்றலாம். கைக்குப் பொருந்தும் பிடி போடலாம். இதற்கு மேல் செலவழிப்பது வீண்.

ஒரு தனியார் இன்னொருவருக்கு விற்பதானால் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ போலீஸ் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் பொறுக்க வேண்டும். நண்பர் மூன்று நாளில் முன்பணம் கொடுக்கத் துடித்தார். கீலை அசைத்துப் பார்க்கச் சொன்னேன். கடகடவென்று ஆடியதாம். “வயசானால் எல்லாம் ஆடும் சாப்” என்று விற்பவர் ஐம்பதாயிரம் குறைத்திருக்கிறார்.

நண்பர் யோசிக்கிறார். பெட்டகத்தின் சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்ட மனைவிக்கு அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.