முத்தம்மா கேஸும் நம்ம பிளேஸ்மென்ட் இன்டர்வியூவும்

2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டப்போ, எங்க ராயபுரத்து டீக்கடைகள்ல பேச்சே மாறிடுச்சு. அதுவரைக்கும் நூல் விலை, கூலி, போனஸ்னு பேசிட்டு இருந்தவங்க, "டெல்லியில இருந்து யாரு போய்ப் பேசறாங்க? தூதர் என்ன பண்றாரு?"ன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. பனியன் கம்பெனியில செக்கிங் வேலை பாக்கற எங்கம்மாவும் ஒரு நாள் ராத்திரி கேட்டாங்க.

"ஏங் கண்ணு, இந்தத் தூதராகறதுக்கு என்ன படிக்கோணும்?"

"டிகிரி முடிச்சுட்டு சிவில் சர்வீஸ் பரீட்சை எழுதி ஐ.எஃப்.எஸ். ஆகணும்மா."

"பொம்பளப் புள்ளைகளும் போலாமா?"

பிளஸ் டூ படிக்கற தங்கச்சியப் பாத்துக்கிட்டேதான் கேட்டாங்க. "ஓ, போலாமே"ன்னு சொல்லிட்டு மொபைல எடுத்துட்டேன். அப்புறம் முதல்ல போன பெண் யாருன்னு தேடிப் படிச்சப்போதான், நான் அசால்ட்டா சொன்ன அந்த "போலாமே"வுக்குப் பின்னாடி ஒரு உச்ச நீதிமன்ற வழக்கே இருக்குன்னு தெரிஞ்சது.

அவங்க பேரு சி.பி.முத்தம்மா. 1924ல குடகு மாவட்டம் விராஜ்பேட்டையில பிறந்தவங்க. ஒன்பது வயசுலயே அப்பா இறந்துட்டாரு. அம்மாதான் நாலு பிள்ளைகளையும் படிக்க வச்சாங்க. சென்னை பெண்கள் கிறித்தவக் கல்லூரியில டிகிரி, மாநிலக் கல்லூரியில ஆங்கில இலக்கியத்துல எம்.ஏ. 1948ல சிவில் சர்வீஸ் தேர்வுல ஜெயிச்ச முதல் இந்தியப் பெண். 1949ல இந்திய வெளியுறவுப் பணியில சேர்ந்தாங்க. அதுலயும் முதல் பெண் அவங்கதான்.

சேர்றதே பெரும்பாடு. இந்த வேலை பெண்ணுக்கு வேண்டாம்னு தேர்வாணையத் தலைவரே தடுக்கப் பாத்தாராம். நேர்காணல்ல குறைஞ்சபட்ச மார்க் போட வச்சதே நான்தான்னு அவரே பின்னாடி சொன்னாராம். இது முத்தம்மா கோர்ட்டுக்குக் கொடுத்த மனுவுல இருக்கு. அதையும் தாண்டி உள்ள போனா, கையெழுத்துப் போட ஒரு உறுதிமொழி: கல்யாணம் ஆனா வேலைய ராஜினாமா பண்ணிடுவேன்.

அவங்க பேட்ச்ல சேர்ந்த ஆண்கள் யாருக்கும் இந்த ஷரத்து கிடையாது.

பாரிஸ், ரங்கூன், லண்டன்னு வேலை பாத்தாங்க. 1970ல ஹங்கேரிக்குத் தூதரானாங்க. அதுக்கு முன்னாடி விஜயலட்சுமி பண்டிட் மாஸ்கோவுக்குத் தூதராப் போயிருக்காங்க, ஆனா அது அரசியல் நியமனம். பரீட்சை எழுதி, பணியில படிப்படியா ஏறி தூதரான முதல் இந்தியப் பெண் முத்தம்மாதான். அப்புறம் கானா, நெதர்லாந்து.

இவ்வளவு பண்ணியும் முதல் நிலை பதவி உயர்வு வந்தப்போ "தகுதி போதாது"ன்னு நிறுத்திட்டாங்க. ஜூனியர்கள் மேல போனாங்க. தன்னோட அரசு மேலயே அவங்க உச்ச நீதிமன்றத்துல வழக்குப் போட்டாங்க. ஒரு தூதர், தன்ன அனுப்பின அரசாங்கத்த எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போறது சின்ன விஷயமில்ல.

வழக்குல ரெண்டு விதிகள் வெளிய வந்துச்சு. ரெண்டுமே 1961ல போட்டது. ஒண்ணு, பெண் அதிகாரி கல்யாணம் பண்றதுக்கு முன்னாடி அரசுகிட்ட எழுத்துமூலம் அனுமதி வாங்கணும், அப்புறமும் குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சல்னு அரசு நினைச்சா ராஜினாமா பண்ணச் சொல்லலாம். இன்னொண்ணு, கல்யாணமான எந்தப் பெண்ணும் இந்தப் பணியில சேர்றத உரிமையாக் கேக்க முடியாது. கோடிங் பாஷையில சொன்னா, ப்ரோக்ராம் எல்லாருக்கும் ஒண்ணுதான், பெண்ணா இருந்தா மட்டும் தனியா ஒரு இஃப் கண்டிஷன்.

1979 செப்டம்பர்ல நீதிபதிகள் வி.ஆர்.கிருஷ்ணய்யரும் பி.என்.சிங்கலும் தீர்ப்புச் சொன்னாங்க. எழுதினது கிருஷ்ணய்யர். அவரோட வாதம் ரொம்ப சிம்பிள்: குடும்பப் பொறுப்பு வேலையக் கெடுக்கும்னா, அது ஆணுக்கும் கெடுக்கும்தானே? கல்யாணமான ஆணுக்கு இருக்கற உரிமை கல்யாணமான பெண்ணுக்கு மட்டும் எப்படிக் குறையும்? ஒரு விதிய 1973லயே நீக்கிட்டோம், இன்னொண்ண நீக்கப் போறோம்னு அரசு சொல்லுச்சு. வழக்கு நடக்கும்போதே முத்தம்மாவுக்குப் பதவி உயர்வும் கொடுத்துட்டாங்க. அதனால மனு தள்ளுபடிதான். ஆனா அவங்க சீனியாரிட்டிய மறுபரிசீலனை பண்ணுங்க, பாகுபாடு இருக்கற விதிகள எல்லாம் சீர்படுத்துங்கன்னு கோர்ட் சொல்லிடுச்சு. கேஸ் பேப்பர்ல தோல்வி, ஆனா விதி போச்சு. 1982ல ஓய்வு, 2009ல மறைவு. அதே 2009ல நிருபமா ராவ் வெளியுறவுச் செயலரா உக்காந்தாங்க. 2001ல சோகிலா ஐயர் அந்தப் பதவியில உக்காந்த முதல் பெண்.

சரி, இந்தக் கதைய எதுக்கு நம்ம இதழ்ல எழுதறேன்? போன மாசம் நடந்த பிளேஸ்மென்டுக்காக.

ஒரே கம்பெனி, ஒரே பேனல். நானும் என் கிளாஸ்மேட்டும் அடுத்தடுத்துப் போனோம். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான், அதுல பாதிக்கு மேல வேலை பாத்தது அவதான். என்கிட்ட ப்ராஜெக்ட் பத்தி இருபது நிமிஷம் கேட்டாங்க. அவகிட்ட அஞ்சு நிமிஷம் ப்ராஜெக்ட், அப்புறம் "வீட்ல மாப்பிள்ளை பாக்கறாங்களா? கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்கு வருவீங்களா?" வெளிய வந்து அவ சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. "நீ என்னடி சொன்ன?"ன்னு கேட்டேன். "அஞ்சு வருஷத்துக்கு இல்லன்னு சொல்லிட்டேன்"னா. 1949ல முத்தம்மா எழுதிக் கொடுத்ததுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியல. அது பேப்பர்ல, இது வாய்ல.

இது ஒரு கம்பெனி விஷயம்னு விட்டுட முடியாது. 2024 ஜூன்ல ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கற ஐபோன் ஆலையில கல்யாணமான பெண்கள ஒதுக்கறாங்கன்னு ராய்ட்டர்ஸ் எழுதுச்சு. கம்பெனி மறுத்துச்சு. ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாடு அரசுகிட்ட அறிக்கை கேட்டுச்சு. நம்ம பக்கத்து ஸ்பின்னிங் மில்கள்ல ‘சுமங்கலித் திட்டம்’னு ஒண்ணு ஓடுனது இங்க எல்லாருக்கும் தெரியும். கல்யாணமாகாத பொண்ணுக மூணு வருஷம் ஹாஸ்டல்ல தங்கி வேலை பாத்தா, கடைசியில கல்யாணச் செலவுக்கு மொத்தமா ஒரு தொகை. அங்கயும் ஒரு பொண்ணோட உழைப்ப அளக்கற ஸ்கேல் கல்யாணம்தான்.

கம்பெனி பக்கத்து நியாயத்தையும் பாக்கலாம். ஆறு மாசம் ட்ரெய்னிங் கொடுத்து, கல்யாணமாகி வேற ஊருக்குப் போயிட்டா நஷ்டம்தானேன்னு கேப்பாங்க. நஷ்டம்தான். ஆனா பசங்க போறதில்லையா? ஒரே வருஷத்துல சம்பளம் கூடக் கெடைக்குதுன்னு தாவறோம், கேட் எழுதறோம், எம்.எஸ். போறோம். எங்க செட்ல நாலு பேருக்கு அப்பாவோட நிட்டிங் யூனிட் இருக்கு. "ரெண்டு வருஷத்துல அப்பா கம்பெனியப் பாத்துக்கப் போயிடுவியா?"ன்னு திருப்பூர்ப் பையன் ஒருத்தன்கிட்டயும் எந்தப் பேனலும் கேக்கல. ஆள் பாதியில போறதுதான் பயம்னா, எல்லார்கிட்டயும் ஒரே கேள்வியக் கேக்கட்டும். தனி விதி வேணும்னா அதுக்குக் காரணத்தக் காட்டணும்னு கிருஷ்ணய்யர் தீர்ப்புலயே இருக்கு.

கல்யாணமான பொம்பள வேலைக்கு ஆக மாட்டான்னு நினைக்கறவங்க ஒரு தடவை ராயபுரத்துக்குக் காலையில எட்டு மணிக்கு வந்து பாக்கணும். டிபன் பாக்ஸ் கூடையோட கம்பெனிக்கு நடக்கறவங்கள்ல எத்தனை பேர் கழுத்துல தாலி இருக்குன்னு எண்ணிப் பாக்கட்டும். எங்கம்மா கல்யாணத்துக்கு அப்புறம்தான் கம்பெனிக்கே போனாங்க. இவங்க ஒரு வாரம் செக்கிங் டேபிளுக்கு வரலன்னா ஒரு பெட்டிகூட தூத்துக்குடி போய்ச் சேராது.

வேலைக்கு எடுக்கும்போது பெண்ணுங்கறதுக்காகப் பாகுபாடு கூடாதுன்னு 1976லயே சட்டம் வந்துடுச்சு. ஆனா இன்டர்வியூ ரூமுக்குள்ள சட்டப் புத்தகத்தத் தூக்கிட்டுப் போய் வாதாட, வேலை வேணும்னு உக்காந்திருக்கற இருபத்தொரு வயசுப் பொண்ணால முடியாது. முத்தம்மாவே முப்பது வருஷம் சர்வீஸ் போட்டப்புறம்தான் கோர்ட்டுக்குப் போனாங்க.

அதனால அவ சார்பா நாம பண்ண வேண்டியது ஒண்ணு இருக்கு. கேம்பஸுக்கு வர்ற ஒவ்வொரு கம்பெனிக்கும் நம்ம பிளேஸ்மென்ட் செல் ஒரு மெயில் அனுப்புதுல்ல, எத்தனை மணிக்கு டெஸ்ட், எத்தனை ரூம், எத்தனை பேருக்குச் சாப்பாடுன்னு? அதுல இன்னொரு வரி சேக்கணும்: கல்யாணம், குடும்பம் பத்தின கேள்விகள எந்த மாணவர்கிட்டயும் கேக்கக் கூடாது. மீறிக் கேட்டா சொல்றதுக்கு, பேர் போடாத ஒரு ஃபார்ம். கோரிக்கைக் கடிதத்த நானும் அவளும் எழுதிட்டோம், வர்ற திங்கட்கிழமை கொடுக்கறோம். கையெழுத்து வேணும். குறிப்பா பசங்க கையெழுத்து. ஏன்னா, அந்தக் கேள்வி நம்மகிட்ட வராததாலதான் இத்தனை நாள் அது நமக்குக் கேள்வியாவே தெரியல.