ரெட் ஒயின் கசாயம் இல்லீங்க! (இழை)

"டாக்டர், தினமும் ஒரு கிளாஸ் ரெட் ஒயின் ஹார்ட்டுக்கு நல்லதாமே?" வாரத்துக்கு ரெண்டு பேராவது கேட்டுடறாங்க.

போன வாரம் கேட்டவருக்கு வயசு 52. சுகர் இருக்கு, ஃபேட்டி லிவர் இருக்கு. ஆயுசுல குடிச்சதே இல்லாதவர், வாட்ஸ்அப்ல வந்ததை நம்பி மூணு மாசமா ராத்திரி ஒரு டம்ளர். பிடிச்சிருக்கான்னு கேட்டேன். "எங்க சார், கசாயம் மாதிரி கண்ணை மூடிட்டு குடிச்சிடுவேன்"னார்.

அதுக்காகத்தான் இந்த இழை.

1991ல் அமெரிக்காவில் '60 மினிட்ஸ்'னு ஒரு டிவி நிகழ்ச்சி. பிரெஞ்சுக்காரர்கள் வெண்ணெயும் சீஸும் அவ்வளவு சாப்பிட்டும் மாரடைப்பு குறைவாக இருக்கே, ரெட் ஒயின்தான் காரணமோ என்றார்கள். விற்பனை எகிறியது. பின்னாடியே திராட்சைத் தோலில் இருக்கும் 'ரெஸ்வெரட்ரால்' ஹீரோ ஆனது. ஒரு லிட்டர் ஒயினில் அது சில மில்லிகிராம்தான். ஆய்வுகளில் மாத்திரையாகக் கொடுத்ததோ நூற்றுக்கணக்கில். அந்த அளவை ஒயினில் பிடிக்க நினைத்தால் கல்லீரல் முதலில் போய்விடும்.

சரி, அளவாகக் குடிப்பவர்கள் குடிக்காதவர்களை விட ஆரோக்கியமாக இருந்ததாக பழைய ஆய்வுகள் சொன்னதே? அந்த 'குடிக்காதவர்கள்' பட்டியலில், உடம்பு கெட்டு குடியை நிறுத்தினவர்களும் இருந்தார்கள். அவங்களோட ஒப்பிட்டால் யாரும் ஆரோக்கியமாத்தான் தெரிவாங்க.

மது புற்றுநோய்க் காரணி என்று 1988லேயே வகைப்படுத்தியாச்சு. பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு இல்லைன்னு உலக சுகாதார நிறுவனம் 2023ல் சொல்லிடுச்சு. 13% ஒயின் 150 மில்லியில் சுமார் 15 கிராம் ஆல்கஹால். நம்ம வீட்டு டம்ளர் 200 மில்லின்னா 20 கிராம். 'ஒரு கிளாஸ்'னு சொல்றவங்க யாரும் அளந்து ஊத்தி நான் பார்த்ததில்லை.

ஆகவே, குடிக்காதவங்க ஆரம்பிக்காதீங்க. கர்ப்பிணிகள், கல்லீரல் பிரச்சினை, தூக்க மாத்திரை, இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு போடுறவங்க, இந்தப் பக்கமே வேண்டாம். வெறும் வயித்துல குடிச்சா சுகர் ஆபத்தான அளவுக்கு இறங்கும்.

எப்பவாவது குடிக்கிற மத்தவங்களுக்கு: ருசிக்குக் குடிங்க. ருசிதான் காரணம்னா காஸ்ட்லி பாட்டில் தேவையே இல்லை.

நாங்க நண்பர்கள் நாலு பேர் ஒரு நாள் செஞ்சு பார்த்தோம். 600, 900, 2,400 ரூபாய்னு மூணு ரெட். மூணையும் நியூஸ்பேப்பர்ல சுத்தி நம்பர் போட்டாச்சு (சுத்தினவர் எங்க வீட்டம்மா, அவங்க குடிக்க மாட்டாங்க). ஆளுக்கு ஒவ்வொண்ணுலயும் 30 மில்லி. 'ரூம் டெம்பரேச்சர்' என்பது ஐரோப்பிய ரூம். நம்ம ஊர் 33 டிகிரியில் ஆல்கஹால் நெடிதான் முதல்ல வரும். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வெச்சு எடுங்க. முதல்ல மோந்து பாருங்க. அப்புறம் வாயில வெச்சு நாக்கு, ஈறு எல்லாம் பட விடுங்க. டானின் டானின்னு வெள்ளைக்காரன் பக்கம் பக்கமா எழுதறது வேற ஒண்ணுமில்லை, நம்ம துவர்ப்பு. நாவல்பழம் சாப்பிட்டா வாய் இழுக்குமே, அதேதான். அறுசுவையில் அதுக்குத் தனி இடம் கொடுத்தவங்க நாம. இதுல நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. துப்பறதுக்கு ஒரு கிண்ணம் வெச்சுக்கங்க, வெட்கப்படாதீங்க. ஒயின் தொழில்ல இருக்கிறவங்களே துப்பத்தான் செய்றாங்க.

ரிசல்ட்? 900 ரூபாய் முதலிடம். 2,400க்கு கடைசி இடம். "இது மட்டமான சரக்கு"ன்னு அதைத் திட்டினது அதை வாங்கிட்டு வந்த நானே.

நாங்க மட்டும் இல்லை. 2008ல் வெளியான ஓர் ஆய்வில் 6,000க்கும் மேற்பட்ட முறை விலை தெரியாமல் ருசிக்க வெச்சாங்க. பயிற்சி இல்லாத சாதாரண ஆட்கள் விலை கூடின ஒயினை கொஞ்சம் கம்மியாத்தான் ரசிச்சிருக்காங்க. 2001ல் பிரான்சில், ஒயின் படிக்கிற மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தப்போ, ரெட் ஒயினுக்கான வார்த்தைகளால அதை வர்ணிச்சாங்க. லேபிளும் நிறமும் பாதி ருசியை முடிவு பண்ணிடுது.

முக்கியமா, திறந்த பாட்டிலை அன்னைக்கே முடிக்கணும்னு சட்டம் இல்லை. மூடி ஃபிரிட்ஜில் வெச்சா மூணு நாள் தாங்கும். துப்பினாலும் சரி, முழுங்கினாலும் சரி, அன்னைக்கு வண்டி எடுக்காதீங்க.

அந்த 52 வயசுக்காரர்கிட்ட இதுல பாதியைத்தான் சொன்னேன். கிளம்பும்போது, "இன்னும் முக்கால் பாட்டில் இருக்கே சார்?"ன்னார்.

சிங்க்ல ஊத்திடுங்கன்னேன். அவ்வளவு சந்தோஷம் மனுஷனுக்கு.