மெலிவும் கீழ்வீட்டாரும்

மெலிவு, சமன், வலிவு என ஒலிநிலைகளை மூன்றாக வகுத்தனர் தமிழிசை நூலார். வடநூலார் மந்தரம் என்பது நம் மெலிவே. இக்காலத்து இளைஞர் அதனைப் ‘பேஸ்’ என்பர். அதனைப் பெருக்குதற்கென்றே ‘சப்வூபர்’ என்னும் பெட்டியொன்றையும் வீட்டிற் கொணர்ந்து வைப்பர். பெயர் எதுவாயினும் ஆகுக. தவிலின் தொப்பியும் மிருதங்கத்தின் இடந்தலையும் வாய்மூடினால் நாகசுரமும் பாட்டும் அந்தரத்தில் நிற்கும். இராசரத்தினம்பிள்ளை குழலை நீட்டிச் சுருதியைத் தாழ்த்திய பின்னரே நாகசுரம் நன்கு கனிந்தது என்பது என் கருத்து. ஆகலின், பேஸ் விரும்புவோரை இரைச்சற்பிரியர் என இகழ்வாரோடு எனக்கு உடன்பாடில்லை.

வழக்கெல்லாம் அதனை எங்கே வைத்துக் கேட்பது என்பதில்தான். வன்னியில் முன்னர் இவ்வழக்கு எழவில்லை. வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே வளவும் வேலியும் இருந்தன. இன்றோ வவுனியா போன்ற நகர்களில் மாடிவீடுகள் பெருகிவிட்டன. ஒருவர் தரையே மற்றொருவர் கூரை.

மெலிவொலியின் இயல்பைச் சற்று நோக்குவோம். செக்கனுக்கு 40 முறை அதிரும் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ எட்டரை மீற்றர், அறையினும் பெரிது. சுவரும் தரையும் உயர்ந்த ஒலியை எளிதில் மறிக்கும். அதிர்வெண் பாதியாகுந்தோறும் அம்மறிப்பு ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். ஆகவே மேலே இருப்பவர் கேட்பது இராகமும் தாளமும் கூடிய இசை. கீழே இருப்பவருக்கு வந்து சேர்வது பண்ணும் சொல்லும் வடிகட்டப்பட்ட வெறும் ‘தும், தும்’. தாம் கேட்பதையே அவரும் கேட்பதாக மேல்வீட்டார் எண்ணுவது பெரும் பிழை.

அந்தத் ‘தும்’ எந்நாட்டிலும் தொல்லையே. நம் நாட்டில் அதற்கு வேறொரு பொருளும் உண்டு. 2009 மே மாதம் வரை எறிகணையோசையைக் கொண்டு தூரத்தையும் திசையையும் கணித்து உயிர் பிழைத்தவர் இம்மண்ணில் வாழ்கின்றனர். நள்ளிரவில் நிலத்தின் வழியே வரும் அதிர்வு, அது திரைப்படப் பாட்டினதேயாயினும், அவர் நெஞ்சில் எதனை எழுப்பும் என்பதை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

சட்டம் காக்காதோ எனின், ஓரளவே காக்கும். 1996ஆம் ஆண்டின் இரைச்சற் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் பிரதேச சபை எல்லைக்குள் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என வரையறுத்தன. நகர, மாநகர எல்லைகளுக்கு 63, 50. ஆயின் அவ்விதிகள் கொண்ட ‘ஏ’ நிறையளவு மெலிவொலியை மிகவும் தள்ளிக் கணக்கிடுவது. செக்கனுக்கு 50 அதிர்வுள்ள ஒலியில் ஏறத்தாழ 30 டெசிபெல்லைக் கழித்துவிடும். கருவி குற்றமில்லை என்று காட்டும் வேளையிலும் கீழ்வீட்டார் உறங்காதிருக்கக் கூடும்.

அடியார்க்குநல்லார் முழவுகளை அகமுழவு, புறமுழவு எனப் பிரித்துரைத்தார். அவர் கருதியது தகுதி பற்றிய பாகுபாடு. நான் பெயரை மட்டும் கடன் கேட்கிறேன். வீட்டில் வைக்கும் பேஸ் அகமுழவாதல் வேண்டும். அதற்கு அண்மையே வழி. பெட்டியை மூலையில் ஒதுக்கினால் சுவர்கள் அதன் மெலிவைப் பெருக்கும். மூலையை விட்டு இருக்கையின் அருகே வைத்தால், குமிழைத் தாழ்த்தியும் அதே நிறைவைப் பெறலாம். பெட்டியின் கீழ் இடும் தடித்த இறப்பர்த் துண்டு, தரைக்கு நேரே இறங்கும் அதிர்வைக் குறைக்கும்; காற்றின் வழி செல்வதை அது தடுக்காது. கம்பளம் விரித்துவிட்டோம் என்று ஆறுதல் கொள்வார்க்கும் அதுவே விடை.

ஒலி தாழுங்கால் நம் செவி முதலில் இழப்பது மெலிவையே. இதனை 1933இல் பிளெச்சர், மன்சன் என்னும் இருவர் அளந்து காட்டினர். குமிழை மேன்மேலும் திருகும் ஆசைக்கு இதுவே காரணம். சில வானொலிப் பெட்டிகளிலும் ஒலிபெருக்கிகளிலும் தாழ்ந்த ஒலியில் மெலிவை மட்டும் சிறிது உயர்த்தும் பொத்தான் இதற்கெனவே உண்டு. மிகத் தாழ்ந்த அதிர்வுகளை நீக்கிவிட்டாலும் கேடில்லை. மேற்சுரங்களைக் கொண்டு அடிச்சுரத்தைச் செவி தானே கற்பித்துக்கொள்ளும். இரவு பத்துக்குப் பின் செவிப்பொறி அணிந்து கேட்பது நன்று.

இவற்றையெல்லாம் செய்தபின் ஒரு மாலையில் கீழ்வீட்டாரின் கதவைத் தட்டி, இசைவு பெற்று, அவர் படுக்கையறையில் நின்று கேட்டுப் பார்க்கலாம். மேலே ஒருவர் குமிழைச் சிறிது சிறிதாகத் தாழ்த்தட்டும். ‘இப்போது கேட்கவில்லை’ என்று கீழ்வீட்டார் சொல்லும் இடத்தில், குமிழின் அருகே வெண்கட்டியால் ஒரு கோடு கீறிக்கொள்ளலாம்.