காடு காக்கும் மொழி எது?

காட்டுயிர் காக்க வருவோர் விலங்கியல் கற்கின்றனர்; காட்டோரம் வாழும் மக்களொடு பேசக் கற்றாரில்லை! அயற்சொற்களை அடுக்கி ஊர்மன்றில் முழங்குகின்றனர். பின்னர், மக்களிடம் விழிப்புணர்வு இல்லையெனப் பழிக்கின்றனர். விளங்காத மொழியில் சொல்லிவிட்டு, விளங்கிக் கொள்ளவில்லையே எனச் சினப்பது எவ்வகை அறம்?

கொம்பில்லாக் களிற்றுக்கு 'மோழை' எனும் சொல் இருக்க, 'மக்னா' என்றே எழுதுகின்றன அலுவலக ஏடுகள். மலைமக்களின் சொல்லைக் கேளாதவர், அம்மக்களின் துயரை எங்ஙனம் கேட்பர்?

வால்பாறையை எண்ணிப் பாருங்கள்! தேயிலைத் தோட்டங்களிடையே யானை நிற்பதறியாது இருளில் நடந்து உயிரிழந்தோர் பலர். இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையினர் 2011-இல் கைப்பேசிவழி முன்னறிவிப்பைத் தொடங்கினர். யானை நிற்குமிடம் தமிழிலேயே மக்களை எட்டியது; படிக்கவியலாதார்க்குக் குரலழைப்பும் சென்றது; ஊராரே கைப்பேசியால் ஏற்றும் செவ்விளக்குகள் வழிகாட்டின. சாவுகள் குறைந்தன. ஆங்கே உயிர் காத்தது வேலியன்று, வேட்டெஃகமன்று, உரிய நேரத்தில் விளங்கிய சொல்!

ஆகவே, காட்டுப்பணிக்கு வருவோர்க்கு மக்கள் மொழிப் பயிற்சியைக் கட்டாயமாக்குக! ஊர்மன்றில் முதலில் கேட்கவும், பின்னர் எளிய தமிழில் உரைக்கவும் அவர்கள் பழகட்டும். மக்கள் மொழியைப் புறந்தள்ளிக் காட்டைக் காத்தல் ஒருநாளும் இயலாது!